ரெண்டு பேருக்கும் ஒரே பேர். பொழுது மட்டும் வேற

ஜனவரி பிறந்தால் நம்ம போனில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பிக்கும். "இந்த வருசம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யப்போற 12 விசயம்." மாதம் ஒரு புத்தகம், மாதம் ஒரு புது ஊர், தினமும் அரை மணித்தியாலம் நடை, வாரத்தில் ஒரு நாள் போனைத் தொடாமல் இருப்பது. டிசம்பர் வந்ததும் அதே ஜோடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போட்டு இன்னொரு படம் போடும். கீழே ஆயிரம் இதயம்.

நாங்கள் இதைக் கிண்டல் பண்ண வரவில்லை. பெரிய பெரிய சபதங்களைவிட இந்த மாதிரிச் சின்னத் தீர்மானங்கள்மேல் எங்களுக்கு மரியாதை அதிகம். "இந்த வருசம் வாழ்க்கையையே மாத்திக் காட்டுறேன்" என்று கிளம்புகிற ஆள் தைப்பொங்கலுக்குள் பழையபடி ஆகிவிடுகிறார். "படுக்க முந்தி நாலு பக்கம் வாசிக்கிறேன்" என்றவர் வருசக் கடைசியிலும் வாசித்துக்கொண்டிருக்கிறார். அதிலும் ரெண்டு பேர் சேர்ந்து செய்தால், ஒருவர் சோர்ந்துபோன நாளில் மற்றவர் கைகொடுக்கலாம்.

ஆனால் அந்தப் பட்டியலை அட்டன் பக்கமோ நுவரெலியாப் பக்கமோ ஒரு தோட்டத்து லயத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. "தினமும் அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் சேர்ந்து" என்றால் எந்த அரை மணித்தியாலம்? யாருடைய அரை மணித்தியாலம்?

இதை எழுதுகிற நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சிலர். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு ஜோடி எடுக்கிற எந்தச் சின்னத் தீர்மானத்துக்கும் முன்னால் எடுக்கவேண்டிய தீர்மானம் ஒன்று இருக்கிறது. அது பொழுதைப் பங்குபோடுகிற தீர்மானம். அதை எடுக்காத வீட்டில் மற்றத் தீர்மானங்களுக்கான நேரமெல்லாம் ஒருத்தியின் தூக்கத்தில் இருந்துதான் வரும்.

ஒரு பேர் என்பது எத்தனை மணித்தியாலம்?

தோட்டத்துக்கு வெளியில் இருக்கிற வாசகர்களுக்காகச் சொல்கிறோம். ஒரு நாள் வேலையை நம்ம ஆட்கள் "ஒரு பேர்" என்று சொல்வார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, அன்றைக்குரிய வேலையை முடித்தால் முழுப் பேர். கொழுந்து எடுப்பவர் அன்றைக்குக் கேட்ட கிலோவை எடுக்காவிட்டால் அரைப் பேர். அந்தக் கிலோக் கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். 16, 18, 20 என்று போகும்.

இந்தப் பேருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைய, பிள்ளைக்கு இன்னும் குறைய என்று சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. அதே மலை, அதே மழை, அதே அட்டைக்கடி. சம்பளம் மட்டும் வேறு. 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் ஒன்றானது. அதாவது எங்கள் பாட்டிமார் வாழ்நாளில் பெரும்பகுதி குறைந்த சம்பளத்துக்குத்தான் கூடை சுமந்தார்கள்.

இப்போது ரெண்டு பேருக்கும் ஒரே பேர், ஒரே சம்பளம். பொழுது மட்டும் இன்னும் வேறாக இருக்கிறது. பல தோட்டங்களில் ஆண்களுக்குக் கொடுக்கிற வேலை அளந்து கொடுக்கிற வேலை. கவ்வாத்து என்றால் இத்தனை செடி, புல்லு வெட்டு என்றால் இத்தனை நிரை. காலையில் தொடங்கி ஒரு மூச்சாகச் செய்தால் பகல் ஒரு மணி, ரெண்டு மணிக்கு முடிந்துவிடும். கொழுந்து வேலை அப்படி இல்லை. பகல் நிறுவை முடிந்து, சோற்றை அவசரமாகத் தின்றுவிட்டு மறுபடி மலைக்கு ஏறி, பின்னேரம் நாலரை மணி நிறுவையும் முடிந்துதான் கூடையை இறக்கலாம். தூர மலையாக இருந்தால் வீட்டு வாசலை மிதிக்கும்போது ஐந்தரை.

ஒரே பேருக்கு மூன்று மணித்தியாலம் வித்தியாசம். ஒரு கிழமைக்கு ஆறு நாள் என்று வைத்தால் பதினெட்டு மணித்தியாலம். கம்பஸில் எங்களுக்கு ஒரு கிழமைக்கு இருக்கிற விரிவுரை நேரமே அவ்வளவு வராது.

அதுக்குப் பிறகுதான் அவருடைய வீட்டு வேலை தொடங்குகிறது. பீலியில் தண்ணி, அடுப்பில் விறகு, பிள்ளைக் காம்பராவில் விட்ட சின்னதைக் கூட்டிக்கொண்டு வருவது, ராத்திரிச் சாப்பாடு, மறுநாள் காலை ரொட்டிக்கு மா. காலையில் நாலரைக்கு எழும்பினவர் ராத்திரி பத்துக்குப் படுப்பார். ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் "இரண்டாவது ஷிப்ட்" என்று ஒரு புத்தகமே எழுதினார். வேலைக்குப் போய்வந்த பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு வேலைநாள் காத்திருப்பதைப் பற்றி. சமூகவியல் வகுப்பில் அந்தப் பெயரைக் கேட்டபோது எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அம்மாவின் முகம் போதுமாக இருந்தது.

யாராவது கொடுத்துத்தான் ஆகவேண்டும்

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டு வேலை காத்திருக்காது. பின்னேரம் ஆறு மணிக்கு முன் தண்ணி வந்தாக வேண்டும். அம்மா மலையில். அப்பா வேலை முடிந்து வந்துவிட்டாலும் "அது பொம்பளை வேலை" என்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால் யார் போவது? மூத்த பொம்பளைப்பிள்ளை போகும். பாடசாலை விட்டு வந்து, சட்டை மாற்றி, குடத்தை எடுக்கும். தம்பியைப் பார்க்கும். அரிசி கழுவும்.

அந்த மூன்று மணித்தியாலத்தை அப்பா கொடுக்காவிட்டால் மகள் கொடுக்கிறாள். அவள் கொடுப்பது விளையாட்டு நேரம் மட்டும் இல்லை. ஓ.எல். கணிதத்துக்கு, ஏ.எல். வாசிப்புக்கு இருந்த நேரம் அது. எங்களோடு படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் இன்றைக்கு எங்களோடு இல்லை. கொழும்பில் ஒரு வீட்டிலோ கட்டுநாயக்காவில் ஒரு தையல் ஆலையிலோ இருக்கிறார்கள். அதுக்குப் பல காரணம் சொல்லலாம். வறுமை, ஆசிரியர் பற்றாக்குறை, தூரம். எல்லாம் உண்மை. அவற்றோடு இந்தப் பின்னேரக் கணக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எங்களில் கம்பஸுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஒருநாள் ஹொஸ்டலில் உட்கார்ந்து இதைப் பேசினோம். ஒவ்வொருத்தர் கதையிலும் யாரோ ஒருவர் அந்தக் குடத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒருத்திக்கு அம்மாயி. இன்னொருத்திக்கு வாய்பேசாத ஒரு சித்தப்பா. ரெண்டு பேருக்கு அப்பா.

கலண்டர் பின்பக்கத்தில் ஒரு பட்டியல்

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள். அவர் மலை வேலை, அவங்க கொழுந்து. மூத்த மகள் எட்டாம் ஆண்டு. போன வருசம் ஜனவரியில் பாடசாலையில் "புதுவருசத் தீர்மானம்" எழுதிக்கொண்டு வரச் சொன்னதும், மகள் தனக்கு மட்டும் எழுதாமல் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். கடைக் கலண்டரின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஐந்து வரி.

ஒன்று: அம்மா வருவதற்குள் தண்ணியும் விறகும் அப்பா பொறுப்பு. ரெண்டு: ராத்திரி ஏழில் இருந்து எட்டுவரை டிவி இல்லை. மூன்று: சம்பளச் சீட்டை ரெண்டு பேரும் உட்கார்ந்து வாசிப்பது. நான்கு: மாதம் ஒருமுறை அம்மா கிளினிக்குக்குப் போய் பிரஷர் பார்ப்பது, அன்றைக்குச் சமையல் அப்பா. ஐந்து: ஞாயிற்றுக்கிழமை பகலுக்குப் பிறகு அம்மா எந்த வேலையும் செய்யக்கூடாது.

இதில் ஊர் சுற்றுவதும் இல்லை, புத்தகமும் இல்லை. படம் பிடித்துப் போட ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அந்த மூன்று மணித்தியாலத்தைத் தொடுகிறது.

முதல் கிழமை அண்ணன் குடத்தோடு பீலிக்குப் போனபோது அங்கிருந்த ஆம்பளைகள் விடவில்லை. "என்னா மாமா, நாளைக்குக் கூடையும் கட்டுவீங்களா?" அவர் சிரித்துக்கொண்டு வந்துவிட்டாராம். மாசிக்குள் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வெயில் காலத்தில் பீலியில் தண்ணி நூலாக வரும்போது, வரிசையில் இன்னும் ரெண்டு ஆம்பளைகளும் நின்றார்களாம்.

சம்பளச் சீட்டு விசயம் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது. அந்தச் சீட்டில் வருகிற தொகையைவிடக் கழிக்கிற வரிகள் அதிகம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, தீவாளி முற்பணம், கோயில், இன்னும் ஏதேதோ. மூன்று மாதம் ரெண்டு பேரும் மகளை வைத்துக்கொண்டு வாசித்ததில், எது எதுக்குப் பிடிக்கிறார்கள் என்று அக்காவுக்கு இப்போது மனப்பாடம். நிர்வாகம் தன் பங்குக்கு 12 வீதம் சேமலாப நிதியில் போடவேண்டும் என்பதும் தெரியும். மனைவியின் சம்பளத்தையும் புருசனே கைநீட்டி வாங்குகிற வழக்கம் நம்ம தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அதைத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண் தன் சீட்டைத் தானே வாசிப்பது சின்ன விசயமாகத் தெரியாது.

ஐந்தாவது தீர்மானம் தேறவில்லை. அப்பாவோ மாமியாரோ தடுக்கவில்லை. அக்காவால்தான் உட்கார முடியவில்லை. "சும்மா இருந்தா கை என்னமோ மாதிரி இருக்கு" என்று எழும்பிப்போய் எதையாவது கழுவுவாராம். ஓய்வும் பழகித்தான் வரும்போலிருக்கிறது. வருசக் கடைசியில் மகள் போட்ட மார்க்: நாலு வரிக்கு முழுப் பேர், கடைசி வரிக்கு அரைப் பேர்.

விரதம் நமக்குப் புதுசில்லை

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது, ஒரு கிழமை செஞ்சிட்டு விட்டுருவாங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. நாங்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டோம். கார்த்திகை பிறந்தால் நம்ம லயத்தில் எத்தனை பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மண்டலம், 41 நாளோ 48 நாளோ, விடியமுன் பச்சைத்தண்ணியில் குளியல். நுவரெலியாக் குளிரில்! குடி இல்லை, மாமிசம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. வருசம் முழுக்கக் குடிக்கிற மனுசன்கூட அந்த நாட்களில் தொடமாட்டார். ஆகவே மனஉறுதி இல்லை என்று சொல்ல வழியில்லை.

லண்டன் யுனிவர்சிற்றி கொலேஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். 96 பேரிடம் ஒரு சின்னப் பழக்கத்தைத் தெரிவுசெய்து தினமும் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமலே வருகிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் பார்த்தார்கள். ஆக, நம்ம மண்டல விரதம் சராசரிக்கு ரொம்பக் கிட்ட வந்துவிடுகிறது. இன்னும் மூன்று கிழமை தள்ளினால் பழக்கமே ஆகியிருக்கும். அதற்குள் மாலையைக் கழற்றிவிடுகிறோம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இன்னொன்றைக் காட்டினார். "வீட்டு வேலையில் உதவுவேன்" என்று பொதுவாக நினைப்பதைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப்போட்டு வைத்தால் நிறைவேறுகிற வாய்ப்பு கூடும் என்பது அவருடைய முடிவு. தோட்டத்தில் இதுக்கு நல்ல வசதி இருக்கிறது. நம்ம பொழுது முழுக்கச் சங்குக்கும் நிறுவைக்கும் கட்டிப்போட்ட பொழுதுதானே. "மலையால வந்து கத்தியை வச்சதும் குடத்தை எடுப்பேன்" என்றால் அது தீர்மானம். "முடிஞ்சா செய்றேன்" என்பது தீர்மானம் இல்லை.

விரதத்தைப் பற்றி இன்னொன்றும் கேட்கவேண்டும். சாமி மாலை போட்ட 48 நாளும் தனிப் பாத்திரத்தில் சமைத்தது யார்? விடிய எழும்பி வீட்டைக் கழுவியது யார்? விரதம் அவருடையது. அதன் வேலையில் பாதி அவங்களுடையது. அவங்களுக்கு மாலையும் இல்லை, "சாமி" என்ற அழைப்பும் இல்லை. நேர்த்தியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. இத்தனை ஒழுக்கத்தை ஒரு மண்டலம் காக்கத் தெரிந்த ஆட்களுக்கு, தங்கள் வீட்டுப் பெண்ணுக்காக ஒரு சின்ன விரதம் முடியாமல் போகாது என்பதற்காகச் சொல்கிறோம்.

அட்டனில் ஒரு ஜோடி இருந்தது

புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஒரு காரியத்தை நாள்தோறும் செய்துகொண்டே போனால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகத்துக்கு வெளியே தேடிப்போகத் தேவையில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் இருக்கிறார்கள்.

நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவர். தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரி வேசத்தில் உள்ளே போனார் என்ற கதை நம்ம எல்லோருக்கும் தெரியும். "தேசநேசன்", "தேசபக்தன்" பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டனில் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 நவம்பரில் இறந்தார்.

மீனாட்சி அம்மையார் பத்திரிகை வேலையிலும் கூட இருந்தார். கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்குச் சட்டத்தையும் உரிமையையும் எப்படிச் சொல்வது? தெரிந்த மெட்டில் பாட்டாகச் சொன்னார். அந்தப் பாட்டுகள் துண்டுப் பிரசுரங்களாகவும் சின்னப் புத்தகங்களாகவும் அச்சாகின. 1940இல் வந்த "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" அப்படியொரு தொகுப்பு. ஒரு கூட்டம், ஒரு பாட்டு, ஒரு பிரசுரம், அடுத்த நாள் அடுத்த தோட்டம் என்று வருசக்கணக்காக நடந்த வேலை அது. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை.

ஆனால் நம்ம பேச்சில் அந்த ரெண்டு பேரும் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். அவர் "தொழிற்சங்கத் தந்தை". இவர் "நடேசய்யரின் துணைவியார்". சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவருக்கு முழுப் பேர், மற்றவருக்கு அரைப் பேர். பொழுதைப் பங்குபோடுவது மட்டும் போதாது, பேரையும் பங்குபோட வேண்டும் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான். வீட்டிலும் அதே கதை. அப்பா ஒருநாள் பருப்பு ஆக்கினால் லயம் முழுக்கத் தெரியும். அம்மா இருபது வருசம் ஆக்கினது யாருக்கும் செய்தி இல்லை.

"பெரிய விசயத்தை விட்டுட்டு..."

இதை எழுதப்போவதாகச் சொன்னபோது நண்பர் ஒருவர் கோபப்பட்டார். "சம்பளம் கிடைக்கல, காணி இல்ல, பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில சனம் கிடக்குது. நீங்க குடத்தைப் பத்தி எழுதுறீங்க."

அவர் கேட்பது நியாயமான கேள்வி. 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை 2021இல்தான் வர்த்தமானியாக வந்தது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆகும்போது அரிசி விலையும் மா விலையும் எங்கேயோ போயிருந்தன. ஒரு ஜோடி எத்தனை தீர்மானம் எடுத்தாலும் இந்தச் சம்பளத்தைத் தனியாக உயர்த்த முடியாது. வீட்டுக்குள் தண்ணிக்குழாய் வந்தால் குடத்தைப் பற்றிய பேச்சே தேவைப்படாது என்பதும் உண்மை. கொழுந்துக்குக் கேட்கிற கிலோவையும் நேரத்தையும் மாற்றுவது கூட்டாகப் பேசி வெல்லவேண்டிய விசயம். அதைத் தனி மனுசரின் நல்ல குணத்தில் கட்டித்தொங்கவிட நாங்களும் விரும்பவில்லை.

ஆனால் அந்தக் கூட்டுப் பேச்சு எப்போது நடக்கிறது? தலைவர் வீட்டிலோ கோயில் வாசலிலோ பின்னேரம் ஆறு, ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பது யார்? சங்கங்களில் சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள் ஏராளம். முன்வரிசை நாற்காலியில் எத்தனை பெண்கள்? மேடையில் எத்தனை பேர்? அக்கா பின்னேரம் கூட்டத்துக்குப் போகவேண்டுமென்றால் அண்ணன் அரிசி போட்டாக வேண்டும். குடத்தைப் பற்றிய பேச்சு சம்பளத்தைப் பற்றிய பேச்சுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.

கேரளத்து மூணாறில் 2015 செப்டெம்பரில் என்ன நடந்தது என்று தெரியும்தானே. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், அதிகமானோர் தமிழ்ப் பெண்கள், போனஸுக்காக ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். "பெம்பிளை ஒருமை" என்று பேர் வைத்தார்கள். ஆண்கள் நடத்துகிற சங்கங்கள் வேண்டாம் என்று தாங்களே பேசி, கேட்ட 20 வீதத்தை வாங்கினார்கள். அதற்கும் முந்தி, 1975 ஒக்டோபர் 24ஆம் திகதி ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 வீதமானோர் ஒரு நாள் வேலையை விட்டார்கள். வீட்டு வேலையையும் சேர்த்து. அப்பாமார் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருசம் அங்கே சமத்துவச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வேலை எவ்வளவு பெரியது என்று காட்ட அவர்களுக்கு ஒரு நாள் நிறுத்தவேண்டியிருந்தது. நம்ம வீடுகளில் யாரும் நிறுத்தாமலே, ஒருவர் போய்க் கைவைத்தால் அது தெரியவரும்.

இன்னொரு மறுப்பும் கேட்டோம். "ஆம்பளை வேலை லேசா? கவ்வாத்து வெட்டிப் பாரு. மருந்து டேங்கைத் தூக்கிப் பாரு." லேசு என்று நாங்கள் சொல்லவில்லை. கவ்வாத்து முடித்து வருகிற அப்பாவின் தோளை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்ட பிள்ளைகள்தான் நாங்கள். பகலுக்குப் பிறகு மரக்கறித் தோட்டத்திலும் கொந்தரப்பிலும் மறுபடி உழைக்கிற அப்பாமாரும் நிறையப் பேர். நாங்கள் கேட்பது ஓய்வே வேண்டாம் என்று இல்லை. ரெண்டு உடம்புக்கும் ஓய்வு தேவை என்றால், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிற மாதிரி வேலையைப் பிரிக்கவேண்டும் என்பதுதான். அவர் மூன்று மணியில் இருந்து இருந்து, அவங்க பத்து மணிக்கும் நிற்பது எந்தக் கணக்கிலும் சரிவராது.

நம்ம முறை

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். இன்னும் சில வருசத்தில் கல்யாணம், வேலை என்று போவோம். நம்மில் சிலர் ஆசிரியராவோம், சிலர் கொழும்புக்குப் போவோம். ஒருவர் கொழும்பிலும் மற்றவர் தோட்டத்திலும் இருந்து போனிலேயே குடும்பம் நடத்துகிற ஜோடிகளும் இருக்கிறார்கள். படித்துவிட்டதால் மட்டும் இந்தப் பழக்கம் போய்விடும் என்று நினைக்கவேண்டாம். கம்பஸில் ஒரு நிகழ்ச்சி என்றால் தேத்தண்ணி ஊற்றுவது யார், கோப்பை கழுவுவது யார், ஒலிவாங்கியைப் பிடிப்பது யார் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

எனவே இந்தச் சித்திரைக்கு, ஜோடியாக இருப்பவர்களும் ஆகப்போகிறவர்களும் ஒரு பட்டியல் எழுதுங்கள். புத்தகம், பயணம் எல்லாம் இருக்கட்டும்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வரியில் யாருடைய எந்த நேரத்தை யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள். மணியோடு எழுதுங்கள். பக்கத்தில் செய்கிறவர் பேரையும் எழுதுங்கள். ஒரு நாள் தவறினால் பட்டியலைக் கிழிக்காமல் மறுநாள் தொடருங்கள்.

ஏற்கனவே கல்யாணமாகி இருபது, இருபத்தைந்து வருசமான ஜோடி ஒன்றும் உங்கள் வீட்டில் இருக்கும். அடுத்த முறை லீவுக்குப் போகும்போது அப்பாவிடம் பேசிப்பாருங்கள். குடத்தை நீங்களே எடுத்துக்கொண்டு "வாங்கப்பா, பீலிவரை போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டாலே போதும். பேச்சு தானாக வரும். அம்மா மலையால் இறங்கிவர இன்னும் நேரம் இருக்கும்.